படிப்படியாகக் குறைக்க வேண்டும்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாதுகாப்பு வந்து சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. அதுவரை அங்கே நோயாளிகள் பாதுகாப்பில்லாமல் பிழைத்துக்கொண்டிருந்தார்கள்.

புது இயக்குநர் பொறுப்பேற்ற கையோடு, வாசலில் இருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் 'பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று புதிதாக ஒன்றை மாட்ட வைத்தார். பழைய பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அன்றே இரண்டு பேர் அதில் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். ஆணியைப் பிடுங்கலாமா என்று பாதுகாப்புக் குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை. கடைக்காரரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஜன்னல் கண்ணாடி உடைந்தவர்கள்கூட அவரிடம்தான் போய் நிற்பார்கள். அவரும் அலுக்காமல், "அது வேற கண்ணாடிங்க, நான் மூக்குல மாட்டுறது" என்று சொல்லி அனுப்புவார். கால் பவர் கூடினால் தலைவலி, கால் பவர் குறைந்தால் கண் வலி என்று அந்தக் கால்களுக்குள்ளேயே வாழ்க்கையைக் கழித்த மனுஷர். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாது. பேசுவதற்கெல்லாம் அவருடைய அக்கா இருந்தாள்.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கடையில் அவள்தான் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் குச்சியோடு நிற்பாள். "கடைசி வரி தெரியலையா? கவலைப்படாதீங்க, அதுல உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலை" என்பாள். நான் முதன்முதலில் கண்ணாடி போடப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய் தம்பி, இவருக்குப் பெரிய ஃபிரேமா எடு, மூஞ்சி கொஞ்சம் மறையட்டும்" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு கடை கிடையாது.

அந்த அக்காவின் கணவர் ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்தவர், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவளுக்கு நினைத்தாற்போல் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், தூக்கம் வராது, செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் லோராசெபாம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார். மாத்திரைக்குப் படபடப்பு கேட்டது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது அந்த டாக்டருக்கு மாற்றல் ஆகியிருந்தது. வந்தவர், 'அதையே தொடரவும்' என்று எழுதினார். அவருக்குப் பின் வந்தவரும் அதையே தொடர்ந்தார். கையெழுத்துதான் மாறிக்கொண்டிருந்தது, வாக்கியம் மாறவில்லை. அந்த இரண்டு வாரம் பதினோரு வருஷம் ஓடியது.

தவறு யார்மேல் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். கதையை முடித்துவிட்டுக் கோபப்படுகிறேன்.

இயக்குநர் முதலில் கையில் எடுத்தது இந்த மாத்திரையைத்தான். நாள்பட்ட நோயாளிகளையெல்லாம் கூட்ட அரங்குக்கு வரச் சொன்னார். அக்காவும் தம்பியும் போனார்கள். வேறு காரியமாக வந்த நானும் அரங்கில் ஏசி இருப்பதைக் கேள்விப்பட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அவர் பேச்சைக் குறை சொல்லவே முடியாது. மருந்தைப் பற்றி அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"இந்த மாத்திரைகளுக்குக் குடும்பப் பேரு பென்சோடயசெபைன். நம்ம மூளைக்குள்ள ஒரு பிரேக் இருக்கு. இந்த மருந்து போய் அந்த பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கொடுக்குது. அதனால பதற்றம் அடங்கும், தசை தளரும், தூக்கம் வரும், வலிப்பு நிக்கும். அருமையான மருந்து. ஆனா ரெண்டு வாரம், மிஞ்சிப்போனா நாலு வாரம். அதுக்கு மேல கொடுத்தா மூளை என்ன செய்யும்? 'வெளியில இருந்து ஆள் வந்து பிரேக் போடுறான், நமக்கெதுக்கு வேலை'ன்னு தன்னோட பிரேக்கைத் தளர்த்திடும். வயசானவங்க தடுமாறி விழுவாங்க. மறதி வரும். சாப்பிட்டுட்டு வண்டி ஓட்டக் கூடாது. மதுவோட சேர்ந்தாலும், மார்ஃபின் மாதிரி வலி மருந்தோட சேர்ந்தாலும் மூச்சே அடங்கிப்போயிடும்."

எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

"இப்ப சொல்றதுதான் ரொம்ப முக்கியம். நாள்பட சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தவே கூடாது! நிறுத்தினா நடுக்கம், பிரமை, வலிப்பு, உயிரே போகலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும். இது நான் எழுதின பாடப்புத்தகத்துலயே இருக்கு." இயக்குநர் தண்ணீர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆகவே, இன்னிக்கு மத்தியானத்துல இருந்து இந்த ஆஸ்பத்திரியில அந்த மருந்து கிடையாது. நாம பூஜ்ய ஆஸ்பத்திரி ஆகிட்டோம்."

அந்த 'ஆகவே'யைப் பற்றி நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா தம்பியின் காதில், "டேய், இந்த ஆளு முதல்ல பேசினதை யாராவது இவருக்குச் சொல்லுங்களேன்டா" என்றாள்.

மருந்து வாங்கும் ஜன்னலில் ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு தட்டு காலியாகத் துடைக்கப்பட்டு, பூஜ்யம் வரைந்த அட்டை வைக்கப்பட்டிருந்தது.

"லோராசெபாம்…" என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர்.

"மெதுவா பேசுங்க, அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. இன்னிக்குக் காலை வரைக்கும் நானே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தேன், இல்லைங்கலை."

"வீட்டுல கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டரே சொன்னாரே?"

"சொன்னாருல்ல? அப்ப சொன்னபடி செய்யுங்க. நிறுத்தாதீங்க."

"மாத்திரை வேணுமே."

"அது கிடையாது."

அக்கா குனிந்து ஜன்னலுக்குள் முகத்தைக் காட்டினாள். "ஏங்க, நிறுத்தவும் கூடாது, சாப்பிடவும் கூடாதுன்னா நான் அதைப் பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

அவர் பாவம், யோசித்துப் பார்த்துவிட்டு, மாடியில் படிப்படிப் பிரிவு என்று ஒன்று திறந்திருக்கிறார்கள், அங்கே கேளுங்கள் என்றார்.

படிப்படிப் பிரிவு கட்டிடத்தின் உச்சியில் இருந்தது. லிஃப்ட் பாதுகாப்புச் சோதனைக்காக மூடப்பட்டிருந்தது. அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள். "பேர் வெச்சவன் யோசிச்சுத்தான்டா வெச்சிருக்கான்" என்றாள். மேலே ஒரு இளம் டாக்டர், நல்ல பெண், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தாள். சுவரில் பெரிய எழுத்தில் இயக்குநரின் வாக்கியம்: 'படிப்படியாகக் குறைக்க வேண்டும்.'

கண்ணாடிக்காரருக்கு உயிர் வந்தது. சுவரைக் காட்டி, "இதைத்தாங்க கேட்டு வந்தோம். முழு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா, முக்காலு, அரை, காலுன்னு குறைச்சுக் கொடுத்தீங்கன்னா…" என்றார்.

"அது இல்லைங்க இது" என்றாள் டாக்டர். "அந்த வாக்கியத்தைக் குழுவுல வெச்சு ரொம்ப நேரம் பேசினாங்க. படிப்படியாகக் குறைக்க வேண்டும்னு இருக்கு. எதைன்னு இல்லையே."

"எதைன்னா, மாத்திரையை."

"நீங்க சொல்றீங்க. வாக்கியம் சொல்லலையே. செயப்படுபொருளே கிடையாது. அளவைக் குறைக்கணும்னா ஒவ்வொரு நோயாளியையும் மாசக்கணக்குல பார்க்கணும், ஆள் கிடையாது. அதனால நோயாளிகளைக் குறைக்கிறதுன்னு முடிவாச்சு. படிப்படியாத்தான் செய்யறோம். போன வாரமே கிழக்கு வார்டு முழுக்க நிறுத்தினோம். அப்புறம் மேற்கு வார்டு. இப்ப வெளிநோயாளிகள். யாரையும் அவசரப்படுத்தலை."

"எங்கக்காவுக்குத் திடீர்னுதானே நிக்குது?"

"உங்க அக்காவுக்குத் திடீர்னு. ஆஸ்பத்திரிக்குப் படிப்படியா."

கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரில் இருந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

அந்தப் பெண் டாக்டருக்கு மனசாட்சி இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "நான் அரைன்னு போட்டுப் பார்த்தேங்க. அது ஏத்துக்காது. முழு எண்ணுதான் எடுக்கும். அரைன்னு அடிச்சா, பாதுகாப்பா இருக்கட்டும்னு அதுவே பூஜ்யம்னு மாத்திக்குது. பாருங்க." அடித்தாள். மாறியது. மறுபடி அடித்தாள். மறுபடியும் மாறியது.

பிறகு அவள் மூச்சுப் பயிற்சி ஒன்றைச் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். வேறு எதுவும் அவள் கையில் இல்லை.

வெளியே வேறு டாக்டர் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கண்ணாடிக்காரரும் கேட்டுக்கொண்டுதான் போனார். இந்த மாத்திரையை ஒரு நோயாளிக்கு ஒரே இடத்தில்தான் தரலாம் என்பது சட்டம். நல்ல சட்டம்தான், நாலு இடத்தில் வாங்கிக் குவிக்காமல் இருப்பதற்காகப் போட்டது. தெருக்கோடி டாக்டர் அக்காவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "நீங்க பெரிய ஆஸ்பத்திரிக் கணக்குல இருக்கீங்க. நான் எழுதினா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. அங்க பேரை எடுத்துட்டு வாங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் பேரை எடுக்கக் கேட்டபோது, மாத்திரை சாப்பிடாதவர்கள் பட்டியலில் உள்ள பேரை எடுத்தால் பூஜ்யத்தில் ஒன்று குறையும் என்றார்கள். பூஜ்யத்தில் ஒன்று எப்படிக் குறையும் என்று கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. கேட்கும் சக்தி தீர்ந்துபோயிருந்தது.

வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகளை அவர் லென்ஸ் வெட்டும் மேஜையில் வைத்துப் பிளேடால் நறுக்கினார். முக்கால், அரை, கால், அப்புறம் பொடி. காகிதத்தில் ஒட்டிய பொடியை அக்கா விரலால் தொட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். "எக்ஸ்சேஞ்சுல நாப்பது லைனைக் கையில வெச்சிருந்தவடா நான்" என்று சிரித்தாள். அதோடு பொடியும் தீர்ந்தது.

பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. மாத்திரை சாப்பிடுவதற்கு முன்பு இருந்த தூக்கமின்மை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. கை நடுங்கியது; எழுத்துப் பலகையில் குச்சி ஓர் எழுத்தில் நிற்காமல் வரி முழுக்க ஓடியது. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டாள். புடவை வியர்வையில் ஊறியது. தோலுக்கடியில் ஏதோ ஊர்கிறது என்று சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். கடைக்குள் உன் அத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கண்ணாடி பார் என்று தம்பியிடம் ஒருமுறை சொன்னாள். தம்பி காலி நாற்காலியைப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல், "சரிக்கா, பார்க்கிறேன்" என்றார்.

கடையைப் பூட்டிவிட்டு இயக்குநரைப் பார்க்கப் போனார். அறை பெரியது. மேஜைமேல் அவர் எழுதிய பாடப்புத்தகம் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். நடுக்கம், வியர்வை, ஊர்வது, பிரமை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"பிரமாதம். நான் எழுதின வரிசையிலேயே வருது பாருங்க. அடுத்தது வலிப்பு."

"ஐயா, அதுக்கு முன்னாடி கொஞ்சம் மாத்திரை கொடுத்துட்டா…"

"கொடுக்கலாம். மருத்துவப்படி அதுதான் சரி. மறுபடி ஆரம்பிச்சு, அதைவிட ரொம்ப நேரம் உடம்புல நிக்கிற டயசெபாமுக்கு மாத்தி, பல மாசம் எடுத்து மெல்ல மெல்ல இறக்கணும். நானே பாடம் எடுக்கிறேனே. ஆனா நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். எழுதுறது அறிவு. நடத்துறது நிர்வாகம். ரெண்டையும் ஒரே ஆள் செய்யும்போது குழப்பிக்கக் கூடாது. குறைச்சுக்கிட்டு இருக்கிறவங்களும் சாப்பிடுறவங்கதானே? அப்ப என் பூஜ்யம் என்ன ஆகுறது?"

"படிப்படியான்னு நீங்க எழுதினது மாத்திரையைத்தானே, ஐயா?"

இயக்குநர் சற்று யோசித்தார். "எழுதினது நான்தான். ஆனா அதுக்கு அர்த்தம் சொல்ற அதிகாரம் குழுவுக்கு. குழுத் தலைவரும் நான்தான், அது வேற விஷயம்."

"அப்ப வலிப்பு வந்தா?"

"வந்தா உடனே இதே மருந்தை ஊசியாக் கொடுக்கணும். வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கொடுத்தா அது பழக்கம். வந்த பிறகு கொடுத்தா அது சிகிச்சை. நாங்க சிகிச்சைக்கு எதிரி இல்லை."

"அப்ப வலிப்பு வரணுமாங்க?"

"வரணும்னு நாங்க சொல்லலை. வந்தா." இயக்குநர் எழுந்து அவர் தோளில் கை போட்டார். "வெள்ளிக்கிழமை பூஜ்ய விழா. பதினோரு வருஷம் சாப்பிட்டுட்டு அதை விட்டவங்க உங்க அக்கா ஒருத்தர்தான். மேடையில சான்றிதழ் கொடுக்கிறோம். கூட்டிட்டு வாங்க. விழா முடிஞ்சதும் உங்க விஷயத்தை நானே தனியா கவனிக்கிறேன்."

கடைசி வாக்கியத்துக்காகத்தான் கண்ணாடிக்காரர் ஒப்புக்கொண்டார். அவருக்கு வேண்டியது அக்காவின் உயிர். அதற்காக அவர் மேடை என்ன, கூரைமேல்கூட ஏறியிருப்பார். அக்காவை நாமும் குற்றம் சொல்ல முடியாது. "விழாவுக்குப் போனா தருவாங்களாடா?" என்று மட்டும் கேட்டாள். "தருவாங்கக்கா" என்றார். அவள் நல்ல புடவையை எடுத்தாள். கொசுவம் வைக்கக் கை வரவில்லை, தம்பிதான் பின் குத்திவிட்டார்.

விழா மண்டப வாசலில் கண்காட்சி ஒன்று வைத்திருந்தார்கள். பழைய சீட்டுகள், காலி அட்டைகள், தூக்கத்தில் விழுந்து கிடப்பவர் போல் ஒரு பொம்மை. நடுவில் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பட்டுத் துணிமேல் டயசெபாம் ஊசி மருந்துக் குப்பிகள் சில, மாலையோடு. 'இந்த ஆஸ்பத்திரியின் கடைசி பென்சோடயசெபைன்' என்று எழுதியிருந்தது. பெட்டிக்குக் காவலர் ஒருவர். பக்கத்திலேயே ஒரு நர்ஸ், வருகிறவர்களுக்குச் சந்தனமும் பூவும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாணவர்கள் ஒரு பக்கம், மேலிடத்து ஆட்கள் ஒரு பக்கம். எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்தது. இயக்குநர் பேச எழுந்தார். பாதிப் பேச்சில், 'இதோ நம் முன்னால் அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் இந்த அம்மையார்' என்று கையைக் காட்டியபோது அக்காவின் தலை பின்னால் சாய்ந்தது. உடம்பு விறைத்தது. நாற்காலியோடு தரையில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு கண்ணாடிக்காரர் ஓடினார்.

இயக்குநர் பதறவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். "கூட்டம் போடாதீங்க. பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வைங்க. வாயில எதையும் திணிக்கக் கூடாது. மாணவர்கள் முன்னாடி வாங்க. இதைத்தான் நான் புத்தகத்துல எழுதியிருக்கேன். திடீர்னு நிறுத்தினதோட விளைவு. பார்த்தீங்களா? இது தானா அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆபத்து. என்ன கொடுக்கணும்?"

"டயசெபாம் சார், நரம்பு வழியா" என்றான் ஒரு மாணவன்.

"சபாஷ். தாமதிச்சா?"

"மூளை கெட்டுடும் சார்."

"சபாஷ்."

"கொண்டு வரட்டுமா சார்?"

"இது பூஜ்ய ஆஸ்பத்திரிப்பா" என்றார் இயக்குநர்.

அவசரப் பிரிவுக்கு ஆட்கள் ஓடினார்கள். அங்கே அலமாரியைத் துடைத்துப் பூஜ்ய அட்டை வைத்திருந்தார்கள். வேறு வலிப்பு மருந்து ஒன்று உண்டு. அதை எடுக்க இரண்டாவது கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்காரர் விழா வரவேற்புக் குழுவில் இருந்தார். மண்டபத்துக்குள் அவரைக் கூப்பிடலாம் என்றால் ஒலிபெருக்கி இயக்குநர் கையில் இருந்தது. அக்கா இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் பின்வரிசையில் எழுந்து நின்றேன். நானும் ஒன்றும் செய்யவில்லை.

கண்ணாடிக்காரர் எழுந்து வாசலுக்கு ஓடினார். பெட்டியைக் காட்டி, "இதைத் திறங்க" என்றார்.

"சாவி பாதுகாப்பு அதிகாரிகிட்ட இருக்கு" என்றார் காவலர். "அது கண்காட்சிப் பொருளு. மருந்து இல்லைங்க."

ஒருவரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர், முழங்கையை மடக்கிப் பெட்டியில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் கண்ணாடி உடைந்தது. ரத்தத்தோடு குப்பிகளை அள்ளினார். காவலர் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அரசாங்கச் சொத்து, நானென்ன செய்யட்டும், என் வேலை போயிடும் என்று அவரும் அழுதார். சந்தனத் தட்டைக் கீழே போட்டுவிட்டு அந்த நர்ஸ்தான் குப்பிகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஊசியைத் தேடி, நரம்பைத் தேடி, மருந்தை ஏற்றினாள்.

வலிப்பு நின்றது. அருமையான மருந்து என்று இயக்குநர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது.

அக்கா பிழைத்தாள். தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கும், வார்டிலிருந்து வீட்டுக்கும் வந்தாள். நடக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். தம்பியைப் பார்த்தால் சிரிக்கிறாள். என்னைப் பார்த்தாலும், நாற்காலியைப் பார்த்தாலும் அதே சிரிப்புதான். பேச்சு வரவில்லை. மூச்சு முட்டிய நேரத்தில் மூளையில் நிறைய போய்விட்டது, போனது வராது என்று படிப்படிப் பிரிவின் அந்தப் பெண் டாக்டர் தனியாக வந்து சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்று அழுதாள். அவளுக்குக் கிழக்கு வார்டுக்கு மாற்றல் ஆகிவிட்டது.

குழு விசாரித்தது. அக்கா மாத்திரையை விட்டதில் குறை எதுவும் இல்லை என்று கண்டார்கள். கண்காட்சிப் பெட்டி உடைந்ததில் குறை கண்டார்கள். ஆஸ்பத்திரி எழுத்தர் கடைக்கு வந்தார். "பெரிய மனசு பண்ணி ஐயா போலீஸுக்குப் போக வேண்டாம்னுட்டார். நீங்க கண்ணாடிக்காரர்தானே, நீங்களே புதுசா ஒண்ணு மாட்டிக் கொடுத்துடுங்க" என்றார்.

"அது வேற கண்ணாடிங்க" என்று சொல்லத் தொடங்கினார் அவர். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் அதைக் கேள்விப்பட்டுக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். வழக்குப் போடுங்க, பத்திரிகைக்கு எழுதுங்க, நான் சாட்சி சொல்றேன் என்றேன். அவர் ஒரு ஃபிரேமின் திருகைச் சரிபண்ணிக்கொண்டே, "அக்காவுக்கு இன்னும் அங்கதாங்க வைத்தியம். வேற எங்க தூக்கிட்டுப் போவேன்?" என்றார். கதையை முடித்துவிட்டுக் கோபப்படுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கோபத்தை எங்கே கொண்டு வைப்பது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் வெளியூர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பூஜ்யத் திட்டத்தைத் தங்கள் ஊர்களிலும் கொண்டுவரப் போகிறார்களாம். இயக்குநர் அவர்களைத் தெருவைக் கடந்து கண்ணாடிக் கடைக்கே அழைத்து வந்தார். முன்னறிவிப்பு கிடையாது. கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார்.

"இவங்கதான்" என்றார் இயக்குநர். "பதினோரு வருஷம் மாத்திரை சாப்பிட்டவங்க. பதற்றம்னா அப்படியொரு பதற்றம். இப்ப பாருங்க. ஒரு மாத்திரை கிடையாது. படபடப்பு கிடையாது. கவலை கிடையாது. தூக்கம் எப்படிங்க?"

"தூங்குறா" என்றார் கண்ணாடிக்காரர்.

"கேட்டீங்களா? தூக்கமும் வருது. அம்மா, எப்படி இருக்கீங்க?"

அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் முகத்தில் உண்மையாகவே மகிழ்ச்சி தெரிந்தது. ஒருவர் கை தட்ட ஆரம்பித்தார், உடனே எல்லோரும் தட்டினார்கள். அக்காவும் தட்டினாள். அவர்கள் நிறுத்திய பிறகும், படியிறங்கித் தெருவுக்குப் போன பிறகும், அவள் தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.